கும்பிடும் பழக்கம் யார் கொடுத்தது? நோட்டுப் போட்டுப் பிரித்துப் பார்க்கும் முறை

“பக்தி வளர்ப்பில் வருவதா, அவரவர் விருப்பமா?” என்று மொத்தமாகக் கேட்டால் பதில் வராது. பந்தியில் உட்கார்ந்திருப்பவர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்து, சாப்பாடு ஆறிப்போகும். அதையே துண்டு போட்டு, ஆடிப்பதினெட்டுக்கு ஆற்றங்கரைக்கு ஏன் போகிறேன், செவ்வாய் வெள்ளி ஏன் கவுச்சி தொடுவதில்லை, நாகூரில் எதற்காக முடி இறக்கினேன் என்று ஒவ்வொன்றாக விசாரித்தால் கணக்குத் தெரியவரும். அந்த விசாரணையைச் செய்யும் முறைதான் இது. தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறைப் பக்கத்துக் குடும்பங்களை மனத்தில் வைத்து எழுதியது. சாமி கும்பிடும் வீடு, தொழுகிற வீடு, ஜெபம் பண்ணுகிற வீடு, கறுப்புச்சட்டை வீடு எதற்கும் ஆகும்.

தேவைப்படுபவை: 80 பக்கக் கோடு போட்ட நோட்டு ஒன்று. இரண்டு நிறப் பேனா. நிதானமாகப் பேசக்கூடிய பெரியவர்கள் மூன்று பேர்: அப்பா வழியில் ஒருவர், அம்மா வழியில் ஒருவர், சொந்தமில்லாத ஊர்க்காரர் ஒருவர். பட்டியல் எழுத ஒரு மாலைப்பொழுது, பெரியவர்களிடம் பேச ஒரு வாரம், கடைசிச் சோதனைக்கு ஒரு மண்டலம், அதாவது 48 நாள்.

தொடங்கும் முன் ஒன்றைத் தெளிவாக வைத்துக்கொள்ள வேண்டும். ஒரு நம்பிக்கை எங்கிருந்து வந்தது என்பது அது மெய்யா பொய்யா என்பதைச் சொல்லாது. வாத்தியார் பிரம்பைக் காட்டி மனப்பாடம் செய்ய வைத்தார் என்பதற்காக வாய்ப்பாடு பொய்யாகிவிடுவதில்லை. “எல்லாம் வளர்ப்புதான், அதனால் எல்லாம் வெறும் கதை” என்று முடிவுகட்ட நினைப்பவருக்கும், “நானாக உணர்ந்தது, அதனால் இதுதான் உண்மை” என்று நினைப்பவருக்கும் இந்த நோட்டு உதவாது.

செய்கை, நம்பிக்கை, சேர்மானம்

நோட்டின் முதல் பக்கத்தில் இந்த மூன்று சொல்லையும் எழுதிக்கொள்ளுங்கள். செய்கை என்பது கை கால் வாய் செய்வது: விளக்கேற்றுவது, தொழுவது, ஜெபமாலை உருட்டுவது. நம்பிக்கை என்பது யாரும் இல்லாத அறையில் உங்களுக்கு மெய்யென்று படுவது. சேர்மானம் என்பது ஊர் உங்களை எங்கே எண்ணி வைத்திருக்கிறது என்பது: கோயிலுக்குக் கொடுக்கும் தலைக்கட்டு வரி, ஜமாஅத் சந்தா, பங்குக் கோயில் பதிவேடு, பள்ளி மாற்றுச் சான்றிதழில் மதம் என்று இருக்கும் கட்டம்.

சேர்மானம் கிட்டத்தட்ட முழுக்கப் பிறப்போடு வந்தது. அதில் விசாரிக்க அதிகமில்லை. குழப்பம் வருவதெல்லாம் இந்த மூன்றையும் ஒன்றாகப் போட்டுக் கலக்கும்போதுதான். தலைக்கட்டு வரியைத் தவறாமல் கட்டிக்கொண்டு சாமியே இல்லை என்பவர் இந்தப் பக்கத்தில் உண்டு. சான்றிதழில் இந்து என்றிருக்க, காவி உடுத்தி வேளாங்கண்ணிக்கு நடந்து, செப்டம்பர் 8-ஆம் தேதித் திருநாள் முடிந்த பிறகே ஊர் திரும்புகிறவர்களும் உண்டு. இவர்களை ஏமாற்றுக்காரர் என்பதும் குழப்பவாதி என்பதும் அவசரப் பேச்சு. இந்த மூன்றுக்கும் மூன்று விதமான பதில் இருப்பது இங்கே சாதாரணம்.

பட்டியல்

கடந்த 12 மாதத்தில் உண்மையில் செய்ததை மட்டும் எழுதுங்கள். ஆடியில் தொடங்கி ஆனி வரை மாதவாரியாகப் போனால் நினைவு சுலபமாக வரும். முஸ்லிம் வீடுகளில் முஹர்ரத்தில் தொடங்கலாம்; கிறித்தவ வீடுகளில் திருவருகைக் காலத்தில் தொடங்கலாம். 30 வரியாவது வரவேண்டும். பத்து வரியில் நின்றுவிட்டால், சின்ன விஷயங்களை எண்ணாமல் விட்டிருக்கிறீர்கள். வண்டியின் முன்சக்கரத்தில் எலுமிச்சம்பழம் வைத்தது, கோயில் கோபுரம் தெரிந்ததும் பேருந்தில் உட்கார்ந்தபடியே கன்னத்தில் போட்டுக்கொண்டது, சாப்பிடும் முன் பிஸ்மில்லாஹ் சொன்னது, புயல் எச்சரிக்கை வந்த இரவில் சங்கீதம் 91 வாசித்தது எல்லாம் வரிதான்.

“கடவுள் பக்தி உண்டு” என்று எழுதாதீர்கள். அந்த வரியை எந்தப் பெரியவரிடம் கொண்டுபோய் விசாரிப்பது? “வெள்ளிக்கிழமை காலை வாசலில் கோலம் போட்டு, பூஜை அறையில் ஐந்துமுக விளக்கில் இரண்டு முகம் ஏற்றினேன்” என்று எழுதினால் விசாரிக்கலாம். செய்யாமல் விட்டதையும் எழுதுங்கள்: அமாவாசைக்கு வெங்காயம் சேர்க்கவில்லை, தீட்டு வீட்டில் தண்ணீர் குடிக்கவில்லை. விலக்குகள்தான் பெரும்பாலும் வளர்ப்பின் அடிவேர். இத்தனை வருஷமாக ஒதுக்கிவருகிறோம் என்பதே ஆளுக்குத் தெரியாது.

பெரியவர்களிடம் கேட்பது

பெரும்பாலோர் சறுக்குவது இங்கேதான். “ஏன் இப்படிச் செய்கிறோம்?” என்று கேட்டுவிடுகிறார்கள். ஏன் என்று கேட்டால் பெரியவர்கள் அப்போதைக்கு ஒரு விளக்கம் தயாரித்துக் கொடுப்பார்கள். அறிவியல் காரணம்கூடச் சொல்வார்கள். மஞ்சள் கிருமிநாசினி, வேப்பிலை அம்மை நோய்க்கு மருந்து என்று போகும். அதெல்லாம் பிற்பாடு ஒட்டியது. உங்களுக்கு வேண்டியது யார், எப்போது, எங்கே என்ற மூன்றும்தான்.

“அப்பாயி, நீங்க சின்னப் பிள்ளையா இருக்கையில ஆடிப்பதினெட்டுக்கு ஆத்துக்கு யாரு கூட்டிட்டுப் போவாங்க? என்ன எடுத்துட்டுப் போவீங்க?” என்று கேளுங்கள். காதோலை கருகமணி, மஞ்சள், காப்பரிசி, கலந்த சாதம், முளைப்பாரி, தாலிக்கு மாற்றுகிற மஞ்சள் சரடு என்று பட்டியல் தானாக விரியும். அதற்குள் “எங்க அம்மா வீட்டுல இப்படிக் கெடையாது, இங்க வந்தப்புறம்தான்” என்று ஒரு வாக்கியம் விழும். நீங்கள் தேடிவந்தது அந்த வாக்கியம். முஸ்லிம் வீட்டில், தர்கா விழாவான கந்தூரியைப் பற்றி, “வாப்பா, உங்க வாப்பா காலத்துல கந்தூரிக்கு நம்ம வீட்டுலேருந்து என்ன போவும்?” என்று கேட்டால் போதும். பதிலைவிடப் பதிலுக்கு முன் வரும் மௌனம் சில வீடுகளில் அதிகம் சொல்லும்.

கேட்கும் நேரமும் முக்கியம். பண்டிகை நாளில் கேட்காதீர்கள். வேலைச் சுமையில் இருப்பவருக்கு அது குறைசொல்வதுபோல் கேட்கும். மதியச் சாப்பாட்டுக்குப் பின், தனியாக, அரைமணி நேரம். இரண்டு பெரியவர்களைச் சேர்த்து உட்கார வைத்தால் ஒருவர் சொல்வதையே மற்றவரும் பிடித்துக்கொள்வார். சொந்தமில்லாத ஊர்க்காரரை மறக்கக்கூடாது. வீட்டார் பெருமைக்காகச் சொல்லாமல் விட்டதை அவர்தான் சொல்வார்.

இன்னொரு கேள்வியும் கேளுங்கள்: இதைச் செய்வதற்காக யார் சிரமப்பட்டார்கள்? மானிடவியலாளர் ஜோசப் ஹென்ரிக் 2009-ல் வெளியிட்ட கட்டுரையில், பெரியவர்கள் சொல்வதை மட்டும் கேட்டுப் பிள்ளைகள் நம்புவதில்லை, அதற்காக அவர்கள் எதை இழந்தார்கள் என்று பார்த்தே நம்புகிறார்கள் என்று வாதிட்டார். பச்சைத் தண்ணீர் பல்லில் படாமல் சஷ்டி விரதம் இருந்த சித்தி, நடவுக் கூலியில் மிச்சம் பிடித்துச் சமயபுரத்துக்கு நடந்துபோன தாத்தா, கடையைப் பூட்டிவிட்டு ஐந்து வேளையும் பள்ளிவாசலுக்குப் போன மாமா என்று யாராவது இருப்பார்கள். உங்கள் பட்டியலில் அழியாமல் நிற்கும் வரிகளுக்குப் பின்னால் இப்படி ஓர் ஆள் இருக்கிறாரா என்று தேடுங்கள். வாயால் மட்டும் உபதேசித்தவரின் வரிகள், வீட்டைவிட்டு வெளியேறிய சில வருஷத்தில் உதிர்ந்திருக்கும்.

ஆறு குறி

இப்போது ஒவ்வொரு வரிக்கும் எதிரில் ஒரு குறி. பிறந்த வீட்டில் வந்தது ‘வீ’. புகுந்த வீட்டில் வந்தது ‘பு’. அக்கம்பக்கம், பள்ளிக்கூடம், நண்பர்கள் வழியாக வந்தது ‘ஊ’. தொலைக்காட்சி, ஜோதிடர், நாள்காட்டி, நகைக்கடை வழியாக வந்தது ‘கா’, அதாவது காலம் கொண்டுவந்தது. நோய், பிள்ளை வரம், வழக்கு என்று நெருக்கடியில் நேர்ந்துகொண்டது ‘நே’. நீங்களாக எடுத்தது ‘நா’.

‘பு’ ஒரு தனிக் குறியாக இருப்பதில் காரணம் உண்டு. வளர்ப்பா விருப்பமா என்று வாதிடுபவர்கள் பாதி ஜனத்தொகையை மறந்துவிடுகிறார்கள். கல்யாணமானதும் பெண்ணுக்குக் குலதெய்வமே மாறிவிடுகிறது. ஐயனாரைக் கும்பிட்டு வளர்ந்தவள் மறுவாரம் வீரனுக்குப் பொங்கல் வைக்கிறாள். அது அவள் வளர்ப்பும் இல்லை, அவள் கேட்டதும் இல்லை. பிறந்த வீட்டுச் சாமிக்குத் தனியாக ஒரு ரூபாய் முடிந்து வைத்திருக்கிறாளா என்று கேட்டுப்பாருங்கள். முடிந்து வைத்திருந்தால் அந்த வரிக்கு ‘நா’ போடலாம். யாரும் சொல்லாமல் செய்கிறாள்.

‘நா’ போடுவதில் கைநிதானம் வேண்டும். மூன்று கேள்வி: யாரும் பார்க்காதபோதும் செய்கிறேனா? இதனால் எனக்கு ஏதாவது நஷ்டமோ சிரமமோ வந்தும் விடவில்லையா? ஒருமுறை விட்டு, யாரும் சொல்லாமல் திரும்பி வந்திருக்கிறேனா? மூன்றில் இரண்டுக்காவது ஆம் வந்தால்தான் ‘நா’. எனக்குப் பிடிக்கும் என்பது போதாது. வளர்ப்பில் வந்ததும் பிடிக்கத்தான் செய்யும்.

நாகூர், வேளாங்கண்ணி வரிகளில் ‘நே’யும் ‘ஊ’வும் மோதிக்கொள்ளும். பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தபோது எதிர்வீட்டு அம்மா சொல்லி நாகூரில் வெள்ளித் தகடு போட நேர்ந்துகொண்ட இந்துக் குடும்பங்கள் ஏராளம். இதற்கு இரண்டு குறியும் போடுங்கள். இது இப்போது வந்த பழக்கமும் இல்லை: நாகூர் தர்காவின் உயரமான மினாராவைக் கட்டிக்கொடுத்தவர் தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாப் சிங்.

பழசு என்று நினைத்தது புதுசாக இருக்கும்

குறி போட்டு முடித்ததும் ‘வீ’ வரிகளை இன்னொருமுறை சலியுங்கள். அம்மா செய்தார் என்பதால் பரம்பரை என்று எழுதிவிடுவோம். அப்பாயி செய்தாரா என்று கேட்டால் பல வரிகள் அங்கேயே நின்றுவிடும். அட்சய திருதியைக்குக் குண்டுமணித் தங்கம் வாங்குவது நகைக்கடை விளம்பரத்தோடு பரவியது. திங்களூரில் தொடங்கித் திருநள்ளாறு வரை ஒன்பது கிரகக் கோயிலையும் ஒரே நாளில் பேருந்தில் சுற்றிவருவதும் பிந்திய வழக்கம்தான். அந்தக் கோயில்கள் பழையவை, சுற்று புதிது. இவற்றை ‘கா’வுக்கு மாற்றுங்கள்.

எதிர்த்திசையிலும் நடக்கும். மேட்டூர் அணை 1934-ல் முடிந்தபின் ஆற்றில் எப்போது தண்ணீர் வரும் என்பது அணை திறப்பைப் பொறுத்ததாகிவிட்டது. வழக்கமான திறப்பு நாள் ஜூன் 12. திறக்காத வருஷத்தில் ஆடிப்பதினெட்டு அன்று மணலும் நாணலும்தான். அப்போது என்ன செய்தீர்கள்? அடிபம்பில் குடம் நிரப்பி அதற்கு மஞ்சள் பூசிக் கும்பிட்ட வீடு, போர்செட் வாய்க்காலில் கருகமணி விட்ட வீடு, அந்த வருஷம் சும்மா இருந்த வீடு என மூன்று வகை உண்டு. முதல் இரண்டு வீட்டிலும் பழக்கம் ஆற்றைவிட ஆழமாகப் போயிருக்கிறது. வறண்ட வருஷங்களில் செய்ததைத் தனியாகக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள். பழக்கத்துக்கான காரணம் நீங்கியபின்னும் பழக்கம் நிற்கிறதா என்று பார்க்க இதைவிட நல்ல சந்தர்ப்பம் வாய்க்காது.

வீட்டின் எடை எவ்வளவு

2005-ல் வெளியான மினசோட்டா ஆய்வு ஒன்று அமெரிக்க ஆண் இரட்டையர்களை முப்பது வயதையொட்டி விசாரித்தது. சிறுவயதில் எவ்வளவு மதப்பற்று இருந்தது என்று நினைவுகூரச் சொன்னபோது, ஆளுக்கு ஆள் இருந்த வேறுபாட்டில் 56 விழுக்காடு ஒரே வீட்டில் வளர்ந்ததோடும் 12 விழுக்காடு மரபணுவோடும் ஒத்துப்போனது. இப்போது எவ்வளவு என்று கேட்டபோது வீட்டுக் கணக்கு 18-ஆக இறங்கி, மரபணுக் கணக்கு 44-ஆக ஏறியிருந்தது.

இந்த எண்ணைத் தப்பாகப் படிப்பவர்களே அதிகம். “என் பக்தியில் 44 விழுக்காடு மரபணு” என்று பொருளில்லை. ஒரு கூட்டத்தில் ஒருவருக்கும் இன்னொருவருக்கும் உள்ள வித்தியாசத்தை அது பிரிக்கிறது; ஒரே ஆளைப் பிரிக்கவில்லை. தவிர, அளந்தது எவ்வளவு பற்று என்பதை. எந்த மதம் என்பதை இல்லை. எந்த மதம் என்பது பிறந்த வீட்டோடு பெரும்பாலும் முடிந்துவிடுகிறது. இஸ்லாமிய அறிஞர் கஸ்ஸாலி தொள்ளாயிரம் வருஷத்துக்கு முன்பே, கிறித்தவர் பிள்ளை கிறித்தவராகவும் யூதர் பிள்ளை யூதராகவும் முஸ்லிம் பிள்ளை முஸ்லிமாகவும் வளர்வதைக் கண்டுதான் தன் விசாரணையைத் தொடங்கியதாக எழுதிவைத்தார். அமெரிக்க ஆண்களின் எண்ணை அப்படியே மன்னார்குடிக்குக் கொண்டுவரவும் முடியாது. ஆனால் அதிலிருந்து ஒரு நடைமுறைப் பாடம் எடுக்கலாம்: வீட்டில் இருந்த காலத்துப் பழக்கத்தை வைத்து ஒருவரை எடைபோடாதீர்கள். திருப்பூரோ சென்னையோ துபாயோ போய்த் தனியாகச் சமைத்துச் சாப்பிட்ட முதல் பத்து வருஷத்தை நோட்டில் தனிப் பக்கமாக எழுதுங்கள். எது தானாக உதிர்ந்தது, எதை நீங்களே தேடிப்போய்ச் செய்தீர்கள் என்பது அங்கே தெரியும்.

வளர்த்தவர் நினைத்தபடியே பிள்ளை வரும் என்பதற்கும் உத்தரவாதம் இல்லை. தஞ்சை மன்னர் துளஜா தத்தெடுத்த சரபோஜியைப் பத்து வயதுப் பையனாக ஜெர்மானிய மதபோதகர் ஷ்வார்ட்ஸின் பொறுப்பில் விட்டார். ஷ்வார்ட்ஸ் அவருக்குப் பாடம் சொன்னார், அரசுரிமைக்காகக் கும்பெனியோடு வாதாடினார். 1798-ல் ஷ்வார்ட்ஸ் இறந்தபின் சரபோஜி அவருக்குச் சலவைக்கல் சிற்பம் செய்வித்துச் தஞ்சைச் சிவகங்கைப் பூங்காத் தேவாலயத்தில் வைத்தார். கிறித்தவராக மட்டும் ஆகவில்லை. அதே ஷ்வார்ட்ஸிடம் படித்த வேதநாயக சாஸ்திரியோ தமிழ்க் கிறித்தவக் கவிராயராகப் பேரெடுத்தார். ஆனால் அவர் வந்தது ஏற்கெனவே கிறித்தவம் தழுவியிருந்த வீட்டிலிருந்து. ஆசான் ஒருவரே, வீடு வேறு. இந்த ஒரு உதாரணத்தை வைத்து விதி எழுத வேண்டாம். எனினும் பள்ளிக்கூடத்தில் சேர்த்தால் பிள்ளை மதம் மாறிவிடும் என்று பயப்படுபவர்கள் யோசிக்கத் தகுந்தது.

48 நாள் சோதனை

நம்பிக்கையை நினைத்தமாத்திரத்தில் தேர்ந்தெடுக்க முடியாது. காவிரி பூம்புகாரில் தொடங்கிக் கல்லணையை நோக்கி ஓடுகிறது என்று இந்த நிமிடம் நம்பிப்பாருங்கள், முடியாது. தேர்ந்தெடுக்க முடிவது செய்கையை. செய்கை நாள்பட்டால் நம்பிக்கை அதன் பின்னால் வரலாம், வராமலும் போகலாம். வருகிறதா என்று பார்ப்பதற்குத்தான் மண்டலம்.

பட்டியலில் சந்தேகம் உள்ள ஒரே ஒரு வரியை எடுங்கள். செய்துகொண்டிருப்பது என்றால் 48 நாள் நிறுத்துங்கள். செய்யாதது என்றால் 48 நாள் செய்யுங்கள். இரண்டு மூன்றைச் சேர்த்தால் எது எதனால் என்று தெரியாமல் போகும். பெற்றோர் திதி, பிள்ளையின் மொட்டை, காதுகுத்து போன்றவற்றைச் சோதனைக்கு எடுக்கக் கூடாது. அவற்றில் மாமன் மடி, பங்காளி முறை என்று பிறர் உரிமை கலந்திருக்கிறது. மருந்தை நிறுத்திப் பக்தியைச் சோதிப்பது கூடவே கூடாது. வீட்டில் சாவு நடந்த வருஷம், பரீட்சை மாதம், நோய்க் காலம் இவற்றிலும் தொடங்காதீர்கள். பயம் பேசும், நீங்கள் பேசமாட்டீர்கள். ரமலான், தவக்காலம், கார்த்திகை, மார்கழி ஆகியவற்றையும் தவிருங்கள். ஊரே நோன்பிருக்கும்போது, ஊரே மாலை போட்டிருக்கும்போது, உங்கள் மனத்தை ஊரின் மனத்திலிருந்து பிரித்தெடுக்க முடியாது. சித்திரை, வைகாசி தோதான மாதங்கள், உங்கள் ஊர்த் திருவிழா அப்போது வராமல் இருந்தால்.

தொடங்குவதற்கு 15 நாள் முன்பிருந்தே இரவு ஒரு வரி எழுதப் பழகுங்கள்: இன்று நடந்த நல்லது, கெட்டது, மனநிலைக்கு 0 முதல் 5 வரை ஒரு எண். இந்த 15 நாள் இல்லாமல் இறங்குபவர்கள்தான் மாட்டிக்கொள்கிறார்கள். விளக்கேற்றுவதை நிறுத்திய பதினோராம் நாள் வண்டி பஞ்சராகும். “பார்த்தாயா?” என்று மனம் சொல்லும். முந்தைய 15 நாளில் என்னென்ன பஞ்சராயிற்று என்று நோட்டில் இருந்தால்தான் பதில் சொல்லலாம். புதிதாகத் தொடங்கியவருக்கும் இதே வலைதான்: கிடைத்த நல்லதையெல்லாம் விரதத்தின் கணக்கில் எழுதிவிடத் தோன்றும்.

48 நாளும் அந்த வரியோடு இரண்டு குறிப்புச் சேருங்கள்: செய்தேனா, யார் பார்த்தார்கள். மாதவிலக்கு நாட்களில் விளக்கேற்றாத வீடு என்றால் அந்த நாட்களை வட்டமிட்டுத் தனியே வையுங்கள். அது நிறுத்தியதில் சேராது. அந்த விலக்கையே தனி வரியாக விசாரிக்க விரும்பினால் அது வேறொரு மண்டலம்.

முதல் பத்து நாள் குற்றவுணர்ச்சி வரும். அதை நம்பிக்கைக்குச் சாட்சியாக எடுத்துக்கொள்ளாதீர்கள். பழக்கம் நீங்கும்போது கை தேடுவது இயல்பு. வெற்றிலை போடுவதை விட்டாலும் தேடும். மூன்றாவது வாரத்துக்குப் பிறகு என்ன மிஞ்சுகிறது என்பதைப் பாருங்கள். தேடல் போய்விட்டு, அம்மா முகம் மட்டும் உறுத்தினால் அந்த வரி சேர்மானம். யார் முகமும் நினைவுக்கு வராமல், ஒரு வெறுமை மட்டும் நின்றால் அது உங்களுடையதாகிவிட்டது. பிறப்பு ‘வீ’யாக இருந்தாலும் பக்கத்திலேயே ‘நா’ சேர்த்து எழுதுங்கள். இரட்டைக் குறி வாங்குகிற வரிகள்தான் இந்த முழு வேலையின் விளைச்சல். தூக்கம் கெட்டு, பயம் நாளுக்கு நாள் ஏறினால் சோதனையை நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள்.

எதிர்ப்பும் பரம்பரையாக வரும்

வீட்டை மறுத்ததால் மட்டும் ஒன்று ‘நா’ ஆகிவிடாது. அப்பா கறுப்புச்சட்டை, தாத்தா கறுப்புச்சட்டை, அப்பாவின் கல்யாணம் ஐயர் இல்லாமல் நடந்தது என்றால் உங்கள் நாத்திகத்துக்கு எதிரிலும் ‘வீ’தான். அதே மூன்று கேள்வியை அங்கும் கேளுங்கள். சிக்கலில் மாட்டியபோது என்ன செய்தீர்கள் என்று தனியாக எழுதுங்கள்.

கந்தூரிக்குச் சந்தனம் கொடுத்த வீட்டுப் பேரன், தர்கா வழிபாட்டை மறுக்கும் தவ்ஹீத் பக்கம் போய்த் தர்காவுக்கே போகக் கூடாது என்கிறான். தரங்கம்பாடி லுத்தரன் சபையில் குழந்தையாக ஞானஸ்நானம் பெற்றவர், பெந்தெகொஸ்தே சபையில் மறுபடி முழுக்கு ஞானஸ்நானம் எடுக்கிறார். இருவரும் தாங்கள் தேர்ந்தெடுத்ததாகவே சொல்வார்கள். யார் அழைத்துப் போனது, போனபோது வயதென்ன, போகாமலிருந்தால் எந்த நட்பு போயிருக்கும் என்று கேட்டால் பாதிப்பேருக்கு ‘ஊ’ வரும். மீதிப் பாதிக்கு உண்மையிலேயே ‘நா’ வரும். மதம் மாறியவர்கள் தங்கள் கதையைச் சொல்லச் சொல்லச் செதுக்கிவிடுவார்கள், ஒரே நாளில் வெளிச்சம் வந்ததாக. முந்தைய இரண்டு வருஷத்தை மாதவாரியாக எழுதச் சொன்னால் படிகள் தெரியும்.

இந்த மதங்களுக்கெல்லாம் இந்தப் பிரச்சினை தெரியும் என்பதையும் சொல்ல வேண்டும். அதனால்தான் வளர்ப்பைத் தன்னுடையதாக்கிக்கொள்ள ஒரு வாசல் வைத்திருக்கிறார்கள். லுத்தரன்களுக்குத் திடப்படுத்தல், கத்தோலிக்கருக்கு உறுதிபூசுதல், சைவருக்குத் தருமபுரம் திருவாவடுதுறை மடங்களின் சமய தீட்சை, வைணவருக்குச் சமாஸ்ரயணம். பதினாறு வயதில் பத்துப்பேரோடு வரிசையில் நின்று வாங்கினீர்களா, முப்பது வயதில் தனியாகப் போய்க் கேட்டு வாங்கினீர்களா என்று அந்த வரிக்குப் பக்கத்தில் எழுதுங்கள்.

காகிதம்

நோட்டு முடிந்து, சேர்மானத்தையே மாற்ற நினைப்பவர்கள் அவசரப்படும் முன் இவற்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். எந்த மதத்தையும் பின்பற்ற அரசியல் சட்டம் 25-ஆம் பிரிவு உரிமை கொடுக்கிறது. ஆனால் 1950-ஆம் வருஷ ஆணைப்படி பட்டியல் சாதித் தகுதி இந்து, சீக்கிய, பௌத்த மதத்தவருக்கு மட்டுமே. கிறித்தவராக மாறினால் அந்தத் தகுதி போகும். தமிழ்நாட்டில் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வருவார்கள். சான்றிதழ் ஒன்றும் வழிபாடு ஒன்றுமாக இருப்பவர்கள் வேலைக்கு விண்ணப்பிக்கும்போதுதான் விழித்துக்கொள்கிறார்கள். அதற்கு முன்பே வழக்கறிஞரைக் கேட்டுவிடுங்கள்.

நிலம் இருக்கும் வீடுகளில் முதலில் எழும் பயம், மதம் மாறினால் பங்கு போய்விடும் என்பது. இந்து வாரிசுரிமைச் சட்டத்தில் மாறியவருக்குப் பங்கு போவதில்லை. மாறியபின் அவருக்குப் பிறக்கும் பிள்ளைகள், சொத்துப் பிரியும் நாளில் இந்துவாக இல்லையென்றால், இந்து உறவினர்களிடமிருந்து வாரிசாகப் பெறமுடியாது (26-ஆம் பிரிவு). கணவனோ மனைவியோ மதம் மாறினால் மற்றவர் அதைக் காரணமாகக் காட்டி இந்துத் திருமணச் சட்டத்தில் விவாகரத்துக் கோரலாம்.

இருவேறு மதத்தவர் கல்யாணம் செய்யும்போது ஒருவர் மாறியே ஆகவேண்டும் என்பதில்லை. 1954-ஆம் வருஷத்துச் சிறப்புத் திருமணச் சட்டத்தில், இருவரில் ஒருவராவது 30 நாள் வசித்த பகுதியின் பதிவாளரிடம் அறிவிப்புக் கொடுத்து, அது ஒட்டப்பட்ட 30 நாள் கழிந்தபின், மூன்று சாட்சிகளோடு முடிக்கலாம். அறிவிப்புக் கொடுத்து மூன்று மாதத்துக்குள் முடிக்காவிட்டால் மறுபடி முதலிலிருந்து. ஐயர் இல்லாத சுயமரியாதைத் திருமணம் இந்துத் திருமணச் சட்டத்தில் 1967-ல் நிறைவேறிய தமிழ்நாட்டுத் திருத்தத்தின்படி (7ஏ பிரிவு) செல்லும். ஆனால் மணமக்கள் இருவரும் சட்டத்தின் பார்வையில் இந்துக்களாக இருக்க வேண்டும். இதைத் தெரியாமல் கலப்பு மதத் திருமணத்தைச் சுயமரியாதை முறையில் மட்டும் நடத்திவிட்டு, பதிவு அலுவலகத்தில் திண்டாடுகிறவர்கள் உண்டு.

பிள்ளைக்கு: அரசு அங்கீகாரமோ உதவியோ பெறும் பள்ளியில் மதப் பாடத்திலோ வழிபாட்டிலோ சம்மதமின்றிச் சேர்க்கக்கூடாது என்கிறது அரசியல் சட்டத்தின் 28-ஆம் பிரிவின் மூன்றாம் உட்பிரிவு. சிறுவர் என்றால் சம்மதம் தரவேண்டியது பெற்றோர். வேண்டாம் என்றால் எழுத்தில் கொடுத்து, நகலில் முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள்.

வீட்டில் சொல்வது

நோட்டைத் தூக்கிக்கொண்டு போய்க் கூடத்தில் வாசிக்காதீர்கள். ஒரு செய்கையை விடப்போகிறீர்கள் என்றால், அந்த வேலையை வீட்டில் யார் சுமக்கிறாரோ அவரிடம் முதலில் சொல்லுங்கள். பெரும்பாலும் அம்மா அல்லது அத்தை. எதை விடுகிறீர்கள் என்பதோடு எதை விடவில்லை என்பதையும் அதே மூச்சில் சொல்ல வேண்டும். “அத்தை, இந்த வருஷம் நான் தீ மிதிக்கல. தலைக்கட்டு வரி நான் கட்டிடறேன், தேரு இழுக்க வந்துடுவேன், அன்னதானத்துக்கு எல பொறுக்கவும் நிப்பேன்.” பெரியவர்களின் கவலையில் முக்கால்வாசி சேர்மானத்தைப் பற்றியது: பங்காளிகள் கேட்டால் என்ன சொல்வது, நாளைக்குப் பெண் பார்க்கும்போது என்ன பேச்சு வரும் என்பது. அதற்குப் பதில் கிடைத்துவிட்டால் நம்பிக்கையைப் பற்றி அதிகம் துருவமாட்டார்கள்.

கந்தூரிக் காசு கொடுக்க மனமில்லாத பேரன், அந்தத் தொகையை அன்றைக்கே ஜமாஅத்தின் ஏழைக்குமர் நிதிக்கு, அதாவது ஏழைப் பெண்களின் கல்யாணச் செலவுக்கு, கொடுத்துவிட்டு ரசீதை வாப்பாவிடம் காட்டலாம். ஞாயிறு ஆராதனையை நிறுத்தியவர், கல்லறைத் திருநாளுக்குத் தாத்தா குழிமேட்டில் மெழுகுவர்த்தி வைக்க வருவதாகச் சொல்லலாம். சொன்னால் வந்துவிட வேண்டும். வராமல் போனால், அடுத்த மண்டலத்துக்கு எந்தப் பெரியவரும் உட்கார்ந்து பேசமாட்டார்.